அம்மம்மா பெரியபிள்ளையான நாள்

யாழ்ப்பாணத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் அவர் பெரியபிள்ளையான, அதாவது பூப்படைந்த, நாளைப் பற்றிக் கேட்டால், முதலில் சிரிப்பார், இல்லாவிட்டால் "உனக்கு இப்போது அந்தக் கதை எதற்கு?" என்பார். சற்றுப் பொறுத்திருந்தால் சொல்லத் தொடங்குவார். கிணற்றடியில் தண்ணீர் வார்த்த மாமி யார், முட்டைக்கோதில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தது யார், அன்று போட்டிருந்த சட்டை என்ன நிறம், சாத்திரியார் நேரத்தைப் பார்த்து என்ன பலன் சொன்னார் என்று எல்லாம் வரும். அதற்குப் பிறகு, "இரத்தம் ஏன் வருகிறது என்று அன்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில், இல்லை.

ஊர் முழுவதும் சொல்லியனுப்பப்பட்ட செய்தி அது. யாரைப் பற்றிய செய்தியோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் அதன் பொருள் சொல்லப்படவில்லை. முந்திய தலைமுறைப் பெண்களின் பூப்பு நினைவுகளைக் கேட்கப் போகிறவர்கள் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்லும் சடங்கு, துடக்கு (தீட்டு), துணி, பயம் எல்லாவற்றுக்கும் அடியில் இதுவே கிடக்கிறது. இந்தச் சொற்கள் பழக்கமில்லாத இளையவர்களுக்காகவும், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காகவும், இவற்றைக் கேட்கக் கூச்சப்படும் ஆண்பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

உடலில் நடப்பது

முதலில், அன்று சொல்லப்படாததைச் சொல்லிவிடுவோம். மூளையின் அடிப்பகுதியில் பரிவகக்கீழ் என்னும் சிறிய பகுதி இருக்கிறது. சிறுவயதில் அது பெரும்பாலும் அடங்கியிருக்கும். குறித்த காலம் வந்ததும் அது ஒரு ஓமோனைத் துடிப்புத் துடிப்பாக வெளியிட ஆரம்பிக்கும். அந்தத் தூண்டலால் கபச்சுரப்பி வேறு இரண்டு ஓமோன்களைச் சுரக்கும். அவை இரத்தத்தோடு, முட்டைகள் இருக்கும் சூலகத்துக்குப் போய்ச் சேர, சூலகம் ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோனைச் சுரக்கும். மார்பு அரும்புவதும் இடுப்பு அகல்வதும் அதனால்தான். மார்பு அரும்பத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். ஆகவே அது திடீரென்று வானத்திலிருந்து விழும் நிகழ்ச்சி இல்லை. உடல் வெகுகாலமாக முன்னறிவித்துக்கொண்டே இருக்கும். கவனிக்கத் தெரிந்த தாய்மார் கவனித்தும் இருந்தார்கள். பிள்ளையிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஈஸ்திரஜனின் செயலால் கருப்பையின் உட்சுவர் தடிக்கும். கரு தங்காவிட்டால் அந்தப் படை கழன்று இரத்தத்தோடு வெளியேறும். ஒரு முறை போகும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர்தான். 80 மில்லிலீற்றரைத் தாண்டினால் அதிகம் என்று மருத்துவர்கள் கருதுவார்கள். துணியில் பரவும்போது அது பல மடங்காகத் தெரியும். "உடம்பில் உள்ள இரத்தமெல்லாம் போகிறது, நான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன்" என்று வயதானவர்கள் சொல்வது மிகைப்படுத்தல் இல்லை. யாரும் அளவு சொல்லாத ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும்.

முதல் இரத்தம் சிவப்பாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பல பிள்ளைகளுக்குப் பழுப்பு நிறக் கறையாகவே வரும். வாழைக்கறை பட்டுவிட்டது என்று நினைத்தவர்கள், பனங்களி ஒட்டியிருக்கிறது என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவியவர்கள், எங்கோ கல்லில் குத்திக்கொண்டோம் என்று புண்ணைத் தேடியவர்கள் எல்லோரும் எங்கள் பாட்டிமாரில் இருக்கிறார்கள். கழுவிக் கழுவி இரண்டு நாள் ஒளித்துத் திரிந்து, மூன்றாம் நாள் அக்காவின் கண்ணில் பட்டவர்களும் உண்டு.

அன்றைய பெரியவர்களை மட்டும் குறைசொல்லிவிட முடியாது. ஈஸ்திரஜன் வகை ஓமோன் ஒன்று முதன்முதலாகத் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டதே 1929இல்தான். பரிவகக்கீழிலிருந்து புறப்படும் அந்த முதல் தூண்டலின் வேதியமைப்பு 1971இல்தான் தெரியவந்தது. அதைக் கண்டறிந்த ஆய்வாளர்களுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. 1930களில் பெரியபிள்ளையான ஓர் ஆச்சியின் உடலில் நடந்ததை உலகத்தில் எவராலும் முழுமையாக விளக்கியிருக்க முடியாது. ஆனால் "பயப்படாதே, இது எல்லாப் பெண்களுக்கும் வரும், சில நாளில் நின்றுவிடும், அடுத்த மாதமும் வரும்" என்று சொல்வதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. அந்த நான்கு வார்த்தைகூடச் சொல்லப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சாமத்தியச் சடங்கு

யாழ்ப்பாணத்தில் பேச்சுவழக்கில் "சாமத்தியப்பட்டாள்" என்பார்கள், "பெரியபிள்ளையாகிவிட்டாள்" என்பார்கள். அழைப்பிதழில் "பூப்புனித நீராட்டு விழா" என்று அச்சிடுவார்கள். மூன்றும் ஒன்றையே குறிக்கும். ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம், ஏன் ஒரே ஒழுங்கையில் வீட்டுக்கு வீடுகூட முறைகள் மாறும். ஆகவே கீழே வருவதைப் பொதுவான உருவமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மம்மா வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதே சரி.

விஷயம் தெரிந்தவுடன் பிள்ளை நின்ற இடத்தில் நிறுத்தப்படுவாள். வீட்டுக்குள் நடமாடக் கூடாது, ஆண்களின் கண்ணில் படக் கூடாது. ஒரு மூலையில் பாயோ பலகையோ போட்டு, சேலையால் மறைப்புக் கட்டி இருத்துவார்கள். துணைக்கு வேப்பிலையும் ஒரு இரும்புத்துண்டும் வைப்பார்கள். பேய் பிசாசு அண்டாது என்பது நம்பிக்கை. அதற்கிடையில் முக்கியமான கேள்வி ஒன்று வரும்: "எத்தனை மணிக்குக் கண்டாய்?" பிறந்த நேரத்துக்குச் சாதகம் கணிப்பதுபோலப் பூப்படைந்த நேரத்துக்கும் பலன் பார்ப்பார்கள். பஞ்சாங்கத்தில் அதற்குத் தனிப் பகுதியே இருக்கும். கிழமை, நட்சத்திரம், உடுத்தியிருந்த துணியின் நிறம், முதலில் கண்டவர் யார் என்று எல்லாவற்றுக்கும் பலன் உண்டு. பயந்து நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை தன் வருங்காலக் கணவனின் ஆயுளுக்கும் அந்த நிமிடமே பொறுப்பாகிவிடுவாள். நேரம் நல்லதாக அமையவில்லை என்று பெரியவர்கள் மூலைக்குள் குசுகுசுத்ததை அறுபது ஆண்டு கழித்தும் மறக்காத பெண்கள் இருக்கிறார்கள்.

மாமிமாருக்கும் மச்சாள்மாருக்கும் சொல்லியனுப்புவார்கள். அவர்கள் வந்து பிள்ளையைக் கிணற்றடிக்குக் கூட்டிச்சென்று, தலையில் பாலும் அறுகும் வைத்து, ஒற்றைப்படை எண்ணிக்கையில் தண்ணீர் வார்ப்பார்கள். தாய்மாமன் தேங்காய் உடைப்பார். துணி வெளுக்கும் கட்டாடியின் வீட்டிலிருந்து வந்த மாற்றுத்துணியை உடுத்துவார்கள். அதன் பிறகு சாப்பாடு. பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதே கோதில் நல்லெண்ணெய் நிரப்பிக் குடிக்கக் கொடுப்பார்கள். உழுத்தம்மாக் களி, உழுத்தம்மாப் பிட்டு, நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உருட்டிய உருண்டை என்று நாளும் பொழுதும் ஊட்டுவார்கள். இந்தப் பகுதியைச் சொல்லும்போது பாட்டிமாரின் முகம் இரண்டு விதமாக மாறும். பச்சை முட்டையின் மணத்தை நினைத்துக் குமட்டுவார்கள். அந்தச் சில நாட்கள் வீட்டில் உள்ள எல்லோரும் தன்னைக் கவனித்ததை நினைத்துக் குளிர்வார்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்கு முழு முட்டை தினமும் கிடைத்த காலம் அது ஒன்றுதான். உழுந்திலும் முட்டையிலும் புரதமும் இரும்புச்சத்தும் உண்டு என்பதால், வளரும் பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு நன்மையே செய்தது. பச்சை முட்டையை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கிருமித்தொற்று வரலாம், அவித்துக் கொடுத்தாலே போதும்.

நல்ல நாள் பார்த்துப் பெரிய சடங்கு நடக்கும். மீண்டும் தண்ணீர் வார்ப்பு, முதற்சேலை, நகை, மாலை. குத்துவிளக்கும் நிறைகுடமும் வைத்த மணவறையில் பிள்ளையை இருத்தி, பிட்டும் களியும் பலகாரமும் வைத்த தட்டுகளால் சுற்றிக் கண்ணூறு கழித்து, ஆலத்தி எடுப்பார்கள். கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துக் குடும்பங்களிலும் செபத்தோடு சேர்த்து இந்த விழாவை நடத்தியவர்கள் உண்டு. ஒலிபெருக்கி வந்த பிறகு சத்தம் கூடியது. வீடியோ வந்த பிறகு செலவு கூடியது. இன்று மண்டபங்களிலும் கனடாவிலும் இலண்டனிலும் நடப்பவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை.

இவ்வளவு ஆரவாரம் எதற்கு? வீட்டில் கல்யாணத்துக்கு ஆயத்தமான பெண் இருக்கிறாள் என்று உறவுக்கும் ஊருக்கும் அறிவிப்பதற்கு. இலங்கையின் 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தில் பெரும்பாலான பெண்களுக்குக் குறைந்தபட்ச மணவயது 12. அது 18 ஆக உயர்த்தப்பட்டது 1995இல்தான். அந்தப் பின்னணியில் பார்த்தால் சடங்கு வெறும் கொண்டாட்டமாக இருந்ததில்லை என்பது விளங்கும். கொண்டாடப்பட்ட அதே பிள்ளைக்கு அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்கையில் விளையாடத் தடை, மச்சானோடு பேசத் தடை, பல வீடுகளில் பள்ளிக்கூடத்துக்கும் தடை. "அன்றோடு என் படிப்பு முடிந்தது" என்ற வாக்கியத்தை எங்கள் ஊர்களில் மிக முதிய பெண்களிடம் எத்தனையோ முறை கேட்கலாம். உடுவிலில் 1824இலேயே அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிவிட்டார்கள். மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி 1913இல் வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பாடசாலைகள் இருந்தும் வயதுக்கு வந்த பிள்ளையை அனுப்பும் துணிவு எல்லா வீடுகளுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஒரே குடும்பத்தில் மூத்தவள் பூப்போடு நிறுத்தப்பட்டிருப்பாள், கடைசித் தங்கை பல்கலைக்கழகம் போயிருப்பாள். அக்காமார் அதைச் சொல்லும் தொனியைக் கவனித்துக் கேளுங்கள்.

துடக்கு

முதல் நாள் முதல், மாதாமாதம், வயது போய் நிற்கும்வரை பெண்ணோடு வந்தது துடக்கு. பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு ஆகியவற்றால் ஒருவர் சிலகாலம் தூய்மை குறைந்தவராகிறார், அவர் தொட்டதும் அப்படியே ஆகிறது என்ற நம்பிக்கையே அது. நடைமுறையில் இதன் பொருள்: சாமியறைக்குப் போகக் கூடாது, கோவிலுக்குப் போகக் கூடாது, குசினிக்குள் வரக் கூடாது, தனிக் கோப்பை, தனிப் பாய், ஊறுகாய்ப் பானையைத் தொடக் கூடாது, வெற்றிலைக் கொடியிலும் கறிவேப்பிலையிலும் கைவைக்கக் கூடாது. நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நடக்கும். அந்த 25 நாட்களுக்குள் தனக்கு எந்த நாள் வரும் என்று கணக்குப் பார்க்காத பெண் யாழ்ப்பாணத்தில் இல்லை. தேருக்குப் புதுச்சேலை வாங்கிவைத்துவிட்டு வீட்டு மூலையில் இருந்தவர்களின் ஏமாற்றம் எந்தக் கோவில் மலரிலும் பதியப்படவில்லை.

இந்த வழக்கம் மிகப் பழையது. புறநானூற்றின் 299ஆம் பாடலில், முருகன் கோட்டத்தில் கலம் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்கள் ஓர் உவமையாக வருகிறார்கள். பழையது என்பதால் உண்மையாகிவிடாது. மாதவிடாய் இரத்தம் சாதாரண இரத்தமும் கருப்பைச் சுவரின் படையும் சளியும் கலந்ததுதான். அதில் நஞ்சு எதுவும் இல்லை. தொட்டால் செடி வாடும் என்ற பயம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். வியன்னாவைச் சேர்ந்த பேலா ஷிக் என்ற புகழ்பெற்ற மருத்துவர், மாதவிடாய்க் காலத்தில் பெண் தொட்ட பூக்கள் வாடுகின்றன, அவள் உடலில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று 1920இல் எழுதினார். அந்தக் கருத்து பின்னர் கைவிடப்பட்டது. எங்கள் ஆச்சிமாரை அறியாதவர்கள் என்று ஏளனம் செய்பவர்களுக்கு இதை நினைவூட்ட விரும்புகிறேன்.

துடக்கு பெண்களுக்கு ஓய்வு கொடுப்பதற்காக ஏற்பட்டது என்று இப்போது சிலர் விளக்கம் சொல்கிறார்கள். வீட்டில் வேலைக்கு வேறு கைகள் இருந்த பெண்களுக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. அதை விரும்பி நினைவுகூருகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த நினைவை நாம் மறுக்கத் தேவையில்லை. புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிக்கு நின்றவர்களுக்கு அந்த நாட்களிலும் குனிந்து நிமிரத்தான் வேண்டியிருந்தது. குசினிக்குள் போகத் தடை இருந்த பெண்ணுக்கு வெளிமுற்றத்தில் நெல் குற்றத் தடை இருக்கவில்லை.

துணியும் அதைத் துவைத்த கைகளும்

இந்தப் பகுதியைப் பெண்கள் கடைசியாகத்தான் சொல்வார்கள். பழைய வேட்டியோ நூற்சேலையோ கிழித்து மடித்து, இடுப்பில் கட்டிய கயிற்றிலோ நாடாவிலோ முன்னும் பின்னும் செருகிக்கொள்வார்கள். நடக்கும்போது உரசித் தொடைகள் புண்படும். பள்ளிக்கூடத்தில் மாற்ற இடம் இருக்காது. காலையில் வைத்ததோடு மாலைவரை இருப்பார்கள். வீட்டுக்கு வந்து கோடிப்புறத்தில் யாரும் காணாமல் கழுவ வேண்டும். சவர்க்காரம் வாங்க முடியாத வீடுகளில் பனங்காய் கைகொடுத்தது. பனங்காயின் களி துணியில் அழுக்கை எடுக்கும். கழுவியதை வெயிலில் விரிக்க முடியாது, ஆண்கள் பார்த்துவிடுவார்கள். வேறு துணிக்கு அடியிலோ கொட்டிலின் இருட்டு மூலையிலோ காயப்போடுவார்கள். ஈரம் முழுதாகப் போகாத துணியை மறுபடி பாவிப்பதால் அரிப்பும் தொற்றும் வந்தன. நல்ல வெயில் கிருமிகளைக் கொல்லும். யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அந்த வெயிலைப் பயன்படுத்த வெட்கம் விடவில்லை.

கடையில் விற்கும் பஞ்சுத்துணி (சானிட்டரி நாப்கின்) வசதியுள்ள வீடுகளுக்கு முதலில் வந்து, மற்றவர்களுக்கு மெல்லமெல்ல வந்தது. இலங்கையில் இறக்குமதியாகும் மாதவிடாய்ப் பொருட்களின் மீதான மொத்த வரி 2018 செப்டெம்பர்வரை 101.2 வீதமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். பிள்ளைகள் பழைய துணியோடு நின்றதற்கு வெட்கம் மட்டும் காரணம் என்றால் அது பாதி உண்மைதான்.

முதற்பூப்பின் துணியை யார் துவைத்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. மாற்றுத்துணி கொண்டுவந்ததும், கறைபட்டதை எடுத்துச் சென்றதும், சுற்றிக் கழித்த பிட்டையும் களியையும் பெற்றுக்கொண்டதும் சலவைத்தொழில் செய்த சமூகத்துப் பெண். அவர் இல்லாமல் சடங்கு நடக்காது. ஆனால் அவரை விறாந்தையில் சமமாக இருத்தும் வழக்கம் இருக்கவில்லை. இந்த வேலை அவருடைய பிறப்போடு கட்டப்பட்டிருந்தது. மறுக்கும் உரிமை அவருக்கு நெடுங்காலம் இருக்கவில்லை. ஊரில் உள்ள ஒவ்வொரு பெண்ணின் முதல் நாளையும் அறிந்தவர் அவர். அவருடைய மகள் பெரியபிள்ளையானபோது மாற்று யார் கொண்டுவந்தார்கள், யார் சுற்றினார்கள்? சாமத்தியச் சடங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வசதியானவர்களின் நாற்சார் வீட்டுக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பெண்களிடமும் கேட்காமல் இந்த வரலாறு எழுதப்படுமானால் அதில் பாதி இருக்காது.

வயதும் ஆண்டும்

"எத்தனை வயதில்?" என்று கேட்டால் மூத்தவர்கள் பதினாலு, பதினைந்து, பதினாறு என்று சொல்வதைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் வியக்கிறார்கள். அது ஞாபகப் பிசகு என்று தள்ளிவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட ஐரோப்பாவில் 16, 17 வயதுதான் சராசரி என்று பழைய பதிவுகள் காட்டுகின்றன. இன்று பெரும்பாலான நாடுகளில் 12க்கும் 13க்கும் இடையில் வருகிறது. உணவு மேம்பட்டதும், சிறுவயது நோய்கள் குறைந்ததும் முக்கிய காரணங்கள். உடலில் போதிய கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகாமல் பருவமடைதல் முன்னேறாது. பட்டினியிலும் போரிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பூப்புத் தள்ளிப்போனது பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது.

தாமதமும் ஒரு துயரமாக இருந்தது. தோழிமார் எல்லோருக்கும் சடங்கு முடிந்து தனக்கு மட்டும் வராத பிள்ளையை "இருசியோ?" (பூப்படையவே மாட்டாதவளோ) என்று குசுகுசுப்பார்கள். மாரியம்மனுக்கு நேர்த்திவைத்த தாய்மாரும் உண்டு. அந்தப் பிள்ளைகளில் பலர் வெறுமனே மெலிந்த பிள்ளைகளாகவே இருந்திருப்பார்கள்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது வேறு கலை. வயதான பெண்களின் நினைவு, வயதுக் கணக்கில் ஓராண்டு முன்பின்னாக இருப்பது இயல்பு. ஆகவே இலக்கத்தைக் கேட்காமல் ஊரில் அப்போது நடந்ததைக் கேளுங்கள். "1958 கலவரத்தில் கொழும்பிலிருந்து பெரியப்பா வீட்டார் வந்து எங்களோடு இருந்தபோது", "1964 மார்கழிப் புயலுக்கு அடுத்த தைப்பொங்கலோடு", "1974 தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு எல்லோரும் போக நான் மட்டும் மறைப்புக்குள்", "நூலகம் எரிந்த ஆண்டு" என்றுதான் பதில் வரும். யாழ்ப்பாணத்துப் பெண்கள் தங்கள் உடலின் வரலாற்றை ஊரின் வரலாற்றோடு முடிந்து வைத்திருக்கிறார்கள். பழைய பெட்டிக்குள் பூப்பு நேரம் குறித்த சாதக ஓலையோ கொப்பியோ கிடந்தால் இன்னும் நல்லது. பலன் பொய்க்கலாம், தேதி பொய்க்காது.

இடம்பெயர்வின் நடுவே

போர் நெருங்கியதால் 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி வெறுமையானது. ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் மழைக்குள் நாவற்குழி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் பாடசாலை வகுப்பறைகளில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து படுத்த நாட்களில் பெரியபிள்ளையானவர்களுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர்களுடைய நினைவில் மாமிமாரின் வரிசை இல்லை. கிணற்றில் நீண்ட வரிசை இருக்கிறது. அம்மா இரண்டு கையாலும் விரித்துப்பிடித்த சேலைக்குப் பின்னால் துணி மாற்றியது இருக்கிறது. சத்தமில்லாமல் ஒரு வாளி தண்ணீர் வார்த்து முடித்தது இருக்கிறது. தேங்காய் உடைக்க வேண்டிய தாய்மாமன் சுவிஸில் இருப்பார், அல்லது எங்கே என்றே தெரியாமல் இருப்பார். 1996 சித்திரைக்குப் பிறகு வீடு திரும்பி, உடைந்த கூரைக்குக் கீழே மாதங்கள் கடந்து சடங்கு செய்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்றை இந்தத் தலைமுறையிடம் கேட்டு வியந்தேன். முகாமில் முன்பின் தெரியாத வேறு குடும்பத்துப் பெண்களே பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, பயப்படாதே என்று சொல்லி, துணியைக் கிழித்துக் கொடுத்து, எப்படி வைப்பது என்று காட்டினார்கள். உறவு முறையில் கட்டுண்டிருந்த சொந்த மாமிமார் பேச வெட்கப்பட்டதை அந்த அந்நியப் பெண்கள் பேசினார்கள். சடங்கு குறைந்த இடத்தில் விளக்கம் கூடியது என்று எல்லா இடத்துக்கும் பொருத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி நடந்த வீடுகள் இருக்கின்றன.

எப்படிக் கேட்பது

"அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?" என்று தொடங்கினால் ஒன்றும் வராது. "எந்த மூலையில் இருந்தீர்கள்?", "எந்தக் கிணறு?", "யார் யார் தண்ணீர் வார்த்தார்கள்?" என்று இடத்தையும் ஆட்களையும் கேளுங்கள். ஆள் பெயர் வரத் தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக வரும். பக்கத்தில் ஆண்கள் இருந்தால் பேச மாட்டார்கள். பேரன் கேட்டால் அம்மம்மா சொல்லக்கூடும், மருமகன் கேட்டால் சொல்ல மாட்டார். பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். பிறகு வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். அந்த நாளை ஒட்டி வேறு கசப்பான நினைவு இருப்பவர்கள் உண்டு. நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். கொண்டாட்டமாக நினைவுகூருகிறவரை வற்புறுத்தித் துக்கப்பட வைக்கவும் வேண்டாம். நகையும் சேலையும் எல்லோரும் தன்னைச் சுற்றி நின்றதும் ஒரு பெண்ணுக்கு மகிழ்ச்சியாக இருந்தால், அது அவருடையது.

கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: அன்று உங்களுக்கு யாராவது எதைச் சொல்லியிருக்க வேண்டும்? இதற்கு வரும் பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த பதில்களை இன்றைய மருத்துவ அறிவோடு சேர்த்து, வீட்டில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்குத் தருகிறேன். முதல் கறை பழுப்பாகவும் இருக்கலாம். இரண்டு முதல் ஏழு நாள்வரை இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் தவறிவரலாம். 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். அடிவயிற்று வலிக்குச் சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம், வலி தாங்க முடியாவிட்டால் மருந்து எடுக்கலாம், அதில் வெட்கம் இல்லை. குளிக்கலாம், தலை தோயலாம், விளையாடலாம், பள்ளிக்கூடம் போகலாம். பஞ்சுத்துணியை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணி பாவித்தால் சவர்க்காரம் போட்டுத் துவைத்து நேர் வெயிலில் காயவிட வேண்டும். எட்டு வயதுக்கு முன் மார்பு அரும்பினாலோ, 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ, ஒவ்வொரு மணித்தியாலமும் மாற்றவேண்டிய அளவுக்கு இரத்தம் போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். அப்பாவும் இதைத் தெரிந்துவைத்திருந்தால் நல்லது, ஏனென்றால் அம்மா வேலைக்குப் போயிருக்கும் ஒரு பின்னேரத்திலும் அது வரலாம்.